மாண்டரின் மீன் வாங்கும் முன் எனக்கு யாரும் சொல்லாதது

எங்கள் வீடு தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில். கடலைப் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்கோ பாண்டிச்சேரிக்கோ போக வேண்டும், எப்படிப் போனாலும் நாலைந்து மணி நேரம் ஆகிவிடும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்ப்பவர்களை எனக்குத் தெரிந்து ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால்தான் ஒரு தப்பு நடந்தபோது பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. நான் பட்டதை அப்படியே எழுதிவைத்தால், அந்தக் கலர் கலரான மாண்டரின் மீனைக் கடையில் பார்த்துக் கை பர்ஸுக்குப் போகிற ஒருவராவது கொஞ்சம் நிதானிப்பார் என்று நினைத்து எழுதுகிறேன்.

2022 ஜூனில் தொட்டி வைத்தேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், சுமார் 190 லிட்டர் பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,300-ஐத் தொடும், ஃப்ளோரைடும் உண்டு. இந்த மாவட்டத்தில் பல் கறுத்த பிள்ளைகளை நான் வகுப்பிலேயே பார்க்கிறேன், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆகவே போர் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றும் வேலை இங்கே ஆகாது. மிச்ச உப்பையும் பிடித்துவிடும் டிஐ ஃபில்டரோடு சேர்ந்த ஆர்ஓ மெஷின் வாங்கி, மீட்டரில் பூஜ்யம் காட்டுகிற தண்ணீரில்தான் கடல் உப்பைக் கரைக்கிறேன். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவாகப் போகும், அதைப் பிடித்து வைத்து பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் பயன்படுத்துகிறோம். இதெல்லாம் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்தேன். இரண்டு க்ளவுன் மீன், ஒரு சிக்ஸ் லைன் ராஸ் மீன், ஒரு இறால் என்று நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த அடி எடுத்து வைத்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை விடுமுறைக்குச் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். விஜயதசமி அன்று, அக்டோபர் 5, ஒரு மீன் கடைக்குப் போனேன். கடைசி வரிசைத் தொட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு மீன், நீலத்தில் ஆரஞ்சுக் கோடு சுழித்துச் சுழித்து ஓட, இடுப்புத் துடுப்பை ஊன்றித் தரையில் நடப்பதுபோல நகர்ந்துகொண்டிருந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். மீன்களில் நாம் பார்க்கும் நீலம் பெரும்பாலும் ஒளி சிதறுவதால் வருவது, நிஜமான நீல நிறமியே உடம்பில் இருக்கிற முதுகெலும்பிகள் மிகமிகக் குறைவு, அதில் இந்த மாண்டரின் ஒன்று என்று படித்திருந்தேன். படித்ததைக் கண்ணால் பார்த்தபோது மனசு கட்டுப்படவில்லை. விலை 2,800 ரூபாய். "என்ன சாப்பிடும் தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் சாப்பிடும் மேடம், பாருங்க, கொத்திக்கிட்டே இருக்கு" என்றான். கொத்திக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கும் தெரிந்தது அவ்வளவுதான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "என் கண் முன்னால் இதற்கு நீங்கள் தீனி போட்டுக் காட்டுங்கள்." மீன் பாறையைக் கொத்துவதும், நாம் போடும் தீனியை எடுப்பதும் ஒன்று இல்லை. எந்தக் கடை என்றாலும், தீனி போட்டு, அது வாயில் போவதைப் பார்க்காமல் மாண்டரினுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் மொரப்பூர் வந்து இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர இரவு பதினொன்று. உப்பளவு ஒத்துப்போக ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, ஒன்றரை மணிக்கு மீனை விட்டேன். காலையில் என் மாமியார் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, முகூர்த்தப் பட்டு மாதிரி இருக்கு" என்றார். அன்று முழுக்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் வாரம் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. காலையில் பார்த்தால் பாறையைக் கொத்துகிறது, பள்ளிவிட்டு வந்து பார்த்தால் மணலைக் கொத்துகிறது. போட்ட தீனியை மட்டும் எடுக்கவில்லை. குருணைத் தீனி அதன் மூக்குக்கு நேராக வந்து விழும், ஒரு கண்ணை உருட்டிப் பார்க்கும், அப்படியே திரும்பிப் போய்விடும். அதற்குள் க்ளவுன் வந்து வாரிக்கொண்டு போய்விடும். புது இடம், பழகட்டும் என்று விட்டேன். இரண்டாவது வாரம் உறைந்த இறால் தீனி, செதில் தீனி, பூண்டு கலந்த தீனி என்று நாலு வகை தருவித்தேன், 2,150 ரூபாய். எதையும் தொடவில்லை. பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்த்தபோதுதான் வயிறு சுருண்டது. பக்கவாட்டில் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது நன்றாகத் தெரிந்த மீன், மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் அகலமாக, தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், கரண்டி மாதிரி இருந்தது.

இதை மட்டும் நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மாண்டரினை எப்போதும் மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடம்பு தலையின் அகலத்தோடு சேர்ந்து உருண்டு போக வேண்டும். அங்கே குழி விழுந்திருந்தால், வயிறு உள்வாங்கியிருந்தால், அது பல நாளாகப் பட்டினி. கடையில் வாங்கும்போதே இப்படி இருக்கிற மீன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள், அந்த நிலையிலிருந்து திரும்பக் கொண்டுவருவது பழகினவர்களுக்கே கஷ்டம்.

தீபாவளி திங்கட்கிழமை வந்தது. அடுத்த ஞாயிறு, அக்டோபர் 30 காலை, பாறைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. 25 நாள். வலையில் எடுத்துக் கையில் வைத்தேன். செதில் இல்லாத மீன், உடம்பு முழுக்கக் கோழை, கையில் வழவழவென்று இருந்தது, கனமே இல்லை. நோய் வந்து செத்திருந்தால் மனசு ஆறியிருக்கும். மூன்று வேளையும் நாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து ரசித்த மீன், எங்கள் கண் முன்னாலேயே பசியில் செத்துப்போயிருக்கிறது. ஒரு வாரம் அந்தத் தொட்டிப் பக்கம் லைட் போடவே பிடிக்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மாண்டரின் கடலில் தின்பது பெரும்பாலும் கோப்பிபாட் என்கிற, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் உயிர்கள். அது வேட்டையாடுகிற விதமே மெதுவானது: நகரும், நிற்கும், உற்றுப் பார்க்கும், வாயைக் குழல்போல நீட்டி ஒன்றே ஒன்றை உறிஞ்சும். பகல் முழுக்க இதே வேலை. ஒரு வாய்க்கு ஒரு பூச்சி என்பதால் ஒரு நாளைக்கு எவ்வளவு தேவைப்படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் எழுதுபவர்கள் "லைவ் ராக் நிறைய வையுங்கள், தொட்டி ஆறேழு மாதமாவது பழகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கடலிலிருந்து எடுத்த அந்தப் பாறையோடுதான் கோப்பிபாட் வீட்டுக்கு வரும். நம் நாட்டில் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, பவளப்பாறையை உடைத்து எடுப்பதும் விற்பதும் குற்றம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நாம் வைப்பது காய்ந்த பாறை, செராமிக் பாறை. அதில் பாக்டீரியா வளரும், பாசி வளரும், ஆனால் கோப்பிபாட் தானாக முளைக்காது. என் மீன் 25 நாளும் கொத்தியது ஏறக்குறைய வெறும் கல். இருந்த கொஞ்சநஞ்சத்தையும் அந்தச் சிக்ஸ் லைன் ராஸ் பொறுக்கித் தின்றிருக்கும், அதற்கும் அதே தீனிதான் பிடிக்கும்.

சரி, இனிமேல் இந்த மீனே வேண்டாம் என்று விட்டிருக்கலாம். வீட்டில் அதைத்தான் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் முடிவு செய்தேன், மீனுக்கு முன்னால் அதன் சாப்பாடு வீட்டுக்கு வர வேண்டும், அது எத்தனை மாதம் ஆனாலும் சரி.

முதலில் பச்சைத் தண்ணீர். நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி, பாட்டிலில் உயிரோடு கிடைக்கும், கோப்பிபாடுக்கு அதுதான் உணவு. ஃப்ரிட்ஜில் வைத்து தினமும் ஒரு முறை குலுக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் படிந்து செத்துவிடும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கும் பாலுக்கும் நடுவில் அந்தப் பச்சை பாட்டில் இருந்ததில் மாமியாருக்கு வருத்தம், அது நியாயமும்கூட. அதனால் கதவு ஓரத்தில் மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்தேன். அப்புறம் கோப்பிபாட். திஸ்பி என்ற வகை பாறை இடுக்கில் ஒளிந்து வாழும், தொட்டியில் நிலைத்துப் பெருகும். டிக்ரியோபஸ் பெரியது, சிவப்பாகத் துள்ளும், மீன் கண்ணுக்கு உடனே படும், ஆனால் சீக்கிரம் தின்று தீர்ந்துவிடும். இரண்டும் வாங்கினேன். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்கள், உள்ளே ஏர் ஸ்டோன் இல்லாத வெறும் குழாய், ஒவ்வொரு குமிழாக எண்ணுகிற வேகத்தில் காற்று. ஏர் ஸ்டோன் போட்டால் வரும் பொடிக் குமிழிகள் குஞ்சுகளுக்கு ஆகாது. தண்ணீர் இளம்பச்சையாகும் வரை பாசியை ஊற்றுவது, இரண்டு மூன்று நாளில் பச்சை தெளிந்தால் மறுபடி ஊற்றுவது. வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை 53 மைக்ரான் சல்லடையில் வடித்து, சல்லடையில் நிற்பதைத் தொட்டிக்குள் விடுவது. இவ்வளவுதான் முறை.

முறை சுலபம், ஆனால் கெடுவதும் அதேபோலச் சுலபம். முதல் கேனை நான் ஆசையில் கரும்பச்சையாக ஊற்றி ஐந்தே நாளில் அழுக வைத்தேன், மூடியைத் திறந்தால் முட்டை நாற்றம். 2023 ஏப்ரலில் அறைச் சூடு ஏறி, பள்ளியில் தேர்வு வேலையாக இருந்த ஒரே வாரத்தில், இருந்த மூன்று கேனில் இரண்டு போனது. தப்பித்த மூன்றாவது சமையலறைக் கல் தரையில், சுவரோரமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரே இடத்தில் எல்லாக் கேனையும் வைப்பதில்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: குறைந்தது மூன்று கேன், இரண்டு வேறு வேறு அறை, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய், ஒன்றில் முக்கிய கரண்டியை இன்னொன்றில் முக்கக் கூடாது. பாசியை நீங்களே வளர்ப்பதாக இருந்தால் அதன் பக்கம் கோப்பிபாட் சொட்டுக்கூடப் படக் கூடாது, ஒரு சொட்டு போதும், பாசி முழுவதையும் தின்றுவிடும்.

ஒரு நாள் பள்ளி ஆய்வகத்துக்கு ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு போய் நுண்நோக்கியில் வைத்தேன். சொட்டுக்குள் ஒரு தாய், நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண், அடியில் முட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, சுற்றிலும் ஆறு காலோடு நாப்ளியஸ் குஞ்சுகள் துடிக்கின்றன. பன்னிரண்டு வருடமாகப் போர்டில் படம் வரைந்து பாடம் எடுத்த எனக்கு, அன்றுதான் அது ஒரு மீனின் சோறு என்று உறைத்தது. வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

தொட்டிக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் கீட்டோ பாசிப் பந்தைப் போட்டு, இரவில் மட்டும் லைட் எரியவிட்டேன். மீன் போக முடியாத இடம் என்பதால் கோப்பிபாட் அங்கே நிம்மதியாகப் பெருகி, தண்ணீரோடு மேலே வந்துகொண்டிருக்கும். ராஸ் மீனை ஓசூரில் கடல் மீன் வளர்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அதைப் பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மாண்டரின் வளர்க்க எண்ணம் இருந்தால் ராஸ் வகையை முதலிலேயே தவிர்த்துவிடுங்கள், பின்னால் எடுப்பது பெரும்பாடு. தொட்டி தயாரா என்று பார்க்க ஒரு வழி உண்டு. லைட் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றி, கண்ணாடி ஓரத்தில் அடித்துப் பாருங்கள். உள்ளங்கை அளவு இடத்தில் வெள்ளைப் புள்ளிகள் எண்ண முடியாதபடி ஊர்ந்தால் சரி. ஐந்தாறு புள்ளிதான் தெரிகிறது என்றால் இன்னும் காத்திருங்கள். ஜனவரியில் நான் பார்த்தபோது மொத்தமே நாலு புள்ளி. ஜூலையில் எண்ணிக்கை விட்டுப்போனது.

2023 ஆடிப்பெருக்கு முடிந்த அடுத்த வாரம் இரண்டாவது மீன் வந்தது. இந்த முறை கடையில் அரை மணி நேரம் நின்றேன், மேலிருந்து பார்த்தேன், நான் கையோடு கொண்டுபோன கோப்பிபாடைச் சிரிஞ்சில் அதன் முன்னால் விடச் சொல்லி, எடுப்பதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டியில் விடாமல், குஞ்சு மீன் வளர்க்கிற வலைப் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு மூன்று வாரம் அதில் வைத்தேன். தினமும் மூன்று வேளை, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர் இறால் குஞ்சு. சோடா பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, உப்புத் தண்ணீரும் காற்றும் வெளிச்சமும் கொடுத்தால் 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம் அடியில் கூடும், அதை மட்டும் குழாயில் இறக்க வேண்டும். ஓடு மீன் வயிற்றுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும். பொரிந்த சூட்டோடு கொடுப்பதில்தான் சத்து, நேரம் ஆக ஆகக் குஞ்சு தன் உடம்பில் இருக்கும் மஞ்சள் கருவையே தின்று தீர்த்துவிடும், அப்புறம் மீனுக்குக் கிடைப்பது வெறும் கூடு.

இரண்டாவது வாரம் அதோடு உறைந்த பொடி ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். பன்னிரண்டாம் நாள் மாலை, பம்ப்பை நிறுத்திவிட்டு விட்டேன். அசையாமல் கிடந்த ஒரு துணுக்கின் முன்னால் வந்து நின்றது, கண்ணை உருட்டியது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. டக்கென்று வாய் நீண்டு துணுக்கு மறைந்தது. நான் "டேய்!" என்று கத்தியதில் என் மகன் பயந்து ஓடிவந்தான். எல்லா மாண்டரினும் இப்படிப் பழகாது, சில கடைசி வரை உயிருள்ளதைத் தவிர எதையும் தொடாது. அதனால் பழகும் என்று நம்பி வாங்காதீர்கள், பழகாவிட்டாலும் சோறு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செலவை மறைக்க விரும்பவில்லை. முதல் மீனுக்கு விலை 2,800, போக்குவரத்து 900, வீணான தீனி 2,150, ஆக 5,850. அடுத்த பத்து மாதத்தில் கீழ்ப் பெட்டியும் லைட்டும் பம்ப்பும் 6,500, கோப்பிபாட் மூன்று முறை வாங்கியது 3,600, பாசி 700, ஆர்ட்டீமியா முட்டை 1,100, ஏர் பம்ப்பும் கேனும் சல்லடையும் 2,400. கூட்டினால் 20,150 ரூபாய், இதில் இரண்டாவது மீன் விலை சேரவில்லை, தொட்டிச் செலவும் சேரவில்லை. இந்தப் பத்து மாத வேலையை முதலிலேயே செய்திருந்தால் ஐயாயிரத்துச் சொச்சம் மிச்சம், ஒரு உயிரும் மிச்சம்.

நேரச் செலவு இதற்குமேல். காலை இருபது நிமிடம், மாலை அரை மணி நேரம், இன்றுவரை. பம்ப்பை நிறுத்திவிட்டுத் தீனி கொடுத்து, மறக்காமல் மறுபடி போட வேண்டும், ஒரு முறை மறந்து பள்ளிக்குப் போய்விட்டுப் பாதி வழியில் திரும்பியிருக்கிறேன். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் பேட்டரி ஏர் பம்ப் வைக்காமல் வெளியே கிளம்ப முடியாது. பொங்கலுக்கு மூன்று நாள் அம்மா வீட்டுக்குப் போனால் எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு ஆர்ட்டீமியா இறக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். இதற்கெல்லாம் வீட்டில் ஒருவருக்காவது மனசு ஒத்துழைக்க வேண்டும், அதையும் வாங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

போன மாதம் முதல் மீனை விற்ற அந்தக் கடைத் தம்பியிடமிருந்தே போன் வந்தது. "மேடம், மாண்டரின் ஒண்ணு வந்திருக்கு, ஆண், முதுகு முள்ளு நீளமா இருக்கு, வேணுமா?" என்னிடம் இருப்பதும் ஆண், ஒரு தொட்டியில் இரண்டு ஆண் விட்டால் சண்டையில் ஒன்று சாகக்கூடும், வேண்டாம் என்றேன். "என்ன சாப்பிடுது?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "பாறையைக் கொத்திக்கிட்டுதான் இருக்கு மேடம்" என்றான். மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். தலைக்குப் பின்னால் லேசாகக் குழி விழ ஆரம்பித்திருந்தது. அன்று ராத்திரியே இரண்டு கேனை வடித்து, இரண்டு பாட்டிலில் அடைத்து, சென்னைக்குப் போகிற என் மாமா பையனிடம் கொடுத்தனுப்பினேன். பாட்டிலைப் பாதியாகப் பிரித்து, பாதியை மீனுக்கும் பாதியைக் கேனுக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நேற்று கேட்டபோது, வயிறு கொஞ்சம் தேறியிருக்கிறது, இன்னும் யாருக்கும் விற்கவில்லை என்றான்.